செப்டம்பரில் ஈஸ்ட் நியூக்: ஸ்காட்லாந்தின் மீன்பிடிக் கிராமங்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்களின் திட்டத்தில் பெரும்பாலும் எடின்பரோ கோட்டையும் லாக் நெஸ் ஏரியும் ஸ்கை தீவும்தான் இருக்கும். பாதி நேரம் பேருந்து ஜன்னலோரத்திலேயே கழிந்துவிடும். எடின்பரோவுக்கு வடகிழக்கே, ஃபோர்த் கழிமுகத்தின் மறுகரையில், ஃபைஃப் மாவட்டத்தின் நுனியில் ஐந்து சின்ன ஊர்கள் கடலை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. மேற்கிலிருந்து ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல். இந்தப் பகுதிக்கு ஈஸ்ட் நியூக் என்று பெயர். முதல் ஊரிலிருந்து கடைசி ஊர்வரை கடலோரப் பாதையில் நடந்தால் 16, 17 கிலோமீட்டர்தான். சிவப்பு ஓட்டுக் கூரைகள், படிப்படியாக ஏறி இறங்கும் சுவர் முகடுகள், கல்லால் கட்டிய சின்னத் துறைமுகங்கள், நண்டுக்கூண்டுகளை அடுக்கி வைத்த படகுத்துறைகள். இவற்றில் ஏதாவது ஓர் ஊரில் நாலு ராத்திரி தங்குங்கள். தினமும் ஊர் மாறுகிற பயணத்தில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். அதற்கு எதை முதலில் முடிவு செய்வது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தேதி

என் கணக்கில் செப்டம்பரின் முதல் மூன்று வாரங்கள்தான் சிறந்த காலம். எடின்பரோவின் திருவிழாக் கூட்டம் ஆகஸ்ட்டோடு கலைந்துவிடும். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும், இங்கிலாந்துப் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்தில். அதனால் குடும்பங்களின் நெரிசல் குறைந்திருக்கும், ஆனால் கடைகளும் படகுகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பகலும் போதுமான நீளம். செப்டம்பர் முதல் நாள் இரவு எட்டு மணி அளவில்தான் சூரியன் மறையும். மாதக் கடைசியில் அதுவே ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடும். இந்த ஒரு மணி நேரம் சாயங்கால நடைக்குப் பெரிய வித்தியாசம், அதனால் மாதத்தின் முதல் பாதி கிடைத்தால் விடாதீர்கள்.

பகலில் 16, 17 டிகிரி, இரவில் 9, 10 டிகிரி இருக்கும். மழை பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைதான் நனைந்துகொண்டே இருக்கும். கிழக்கில் இருக்கும் இந்தப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதி. மேற்குக் கரையில் கோடைப் பயணிகளைப் படாதபாடு படுத்தும் மிட்ஜ் என்ற சின்னக் கொசுக்களும் இங்கே பெரிய தொல்லை இல்லை. காற்று மட்டும் எப்போதும் உண்டு. சில நாள் காலையில் கடலிலிருந்து ஹார் என்ற மூடுபனி ஏறி வரும், எதிரே இருக்கும் படகுகூடத் தெரியாது. பெரும்பாலும் மதியத்துக்குள் விலகிவிடும். விலகாவிட்டால் அது அருங்காட்சியகத்துக்கான நாள்.

பஃபின் பறவையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் செப்டம்பர் உங்களுக்கு ஒத்துவராது. ஆகஸ்ட் நடுவிலேயே அவை கடலுக்குள் போய்விடும், மேயிலிருந்து ஜூலைக்குள் வாருங்கள். செப்டம்பரில் கிடைப்பது வேறு. மாத நடுவிலிருந்து ஐஸ்லாந்திலிருந்து இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். விடியற்காலையில் அவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் போகும் சத்தத்துக்கே சீக்கிரம் எழுந்திருக்கலாம். பாதையோர முள்வேலிகளில் பிளாக்பெர்ரி பழுத்துக் கிடக்கும். இந்த ஊர்க்காரர்கள் அதை பிராம்பிள் என்பார்கள். கையாலேயே பறித்துச் சாப்பிட்டுக்கொண்டு நடக்கலாம்.

தேதியில் இரண்டு சிக்கல்களைக் கவனியுங்கள். செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் டன்ஹில் லிங்க்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, கிங்ஸ்பார்ன்ஸ் மூன்றும்தான் களம், கிங்ஸ்பார்ன்ஸ் கிரெய்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வாரம் சுற்றுவட்டாரம் முழுக்க அறை வாடகை எகிறும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் செப்டம்பரில்தான் புது மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும், அந்த நாட்களில் பெற்றோர் கூட்டத்தால் அங்கேயும் அறை கிடைப்பது கஷ்டம்.

அடுத்து, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். சென்னைக் கடற்கரையில் கடல் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஐந்து மீட்டர்வரை வித்தியாசம் வரும். செப்டம்பர் கடைசியில், பகலும் இரவும் சமமாகும் சமயத்தில், ஆண்டின் மிகப் பெரிய ஏற்றவற்றங்கள் வரும். ஆன்ஸ்ட்ரதர் துறைமுகத்தில் காலையில் மிதந்துகொண்டிருந்த படகு, மதியம் சேற்றில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடக்கும். துறைச்சுவரில் பதித்த இரும்பு ஏணியின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் பாசி. கடல் எங்கேவரை வந்து போயிருக்கிறது என்று அந்த ஏணியே சொல்லும்.

இது வேடிக்கை பார்க்கிற விஷயம் மட்டும் இல்லை. ஆன்ஸ்ட்ரதரிலிருந்து, கடலுக்குள் இருக்கும் மே என்ற தீவுக்குப் போகும் படகு கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் மாறுவது இதனால்தான். ஈலியில் பாறைகளில் சங்கிலியைப் பிடித்துப் போகும் சங்கிலி நடைபாதையில் கடல் வற்றியிருக்கும்போது மட்டும்தான் போக முடியும். செயின்ட் மோனன்ஸ் தேவாலயத்துக்கு மேற்கே கடலோரப் பாதையின் ஒரு துண்டு, கடல் ஏறியிருக்கும்போது நடக்க முடியாதபடி ஆகிவிடும், ஊருக்குள் சுற்றிப் போக மாற்றுவழி உண்டு.

எனவே தேதி முடிவானதும் ஆன்ஸ்ட்ரதருக்கான ஏற்றவற்ற அட்டவணையை இணையத்தில் எடுத்து, தங்கும் நாட்களுக்கு உரிய நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றும் நேரம் மதியத்தில் விழும் நாளை ஈலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படகு உங்களுக்கு வசதியான நேரத்தில் கிளம்பும் நாளைத் தீவுக்கு ஒதுக்குங்கள். மிச்ச நாட்கள் தானாக அமைந்துவிடும்.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு பிரிட்டனின் வருகையாளர் விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். செப்டம்பர் பயணம் என்றால் ஜூன் கடைசியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். அதை அரசின் அதிகாரபூர்வத் தளத்திலோ செயலியிலோ மட்டும் எடுங்கள். இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கட்டணம் பிடுங்கும்.

எந்த ஊரில் தங்குவது

முதல்முறை என்றால் ஆன்ஸ்ட்ரதர் என்பேன். ஐந்தில் அதுதான் பெரியது. பேருந்து, மளிகைக் கடை, மருந்துக்கடை, அருங்காட்சியகம், தீவுப் படகு எல்லாம் நடக்கும் தூரத்தில். அழகுக்குக் கிரெய்ல்தான் முதலிடம், எல்லாப் படங்களிலும் வருவது அதன் துறைமுகம்தான். ஆனால் துறைமுகத்துக்கு இறங்கும் தெரு நல்ல செங்குத்து, முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். பிட்டன்வீமில் இன்றும் மீன்பிடி நடக்கிறது. விடியலில் படகுகளின் நடமாட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்கும். சின்னக் குழந்தைகள் இருந்தால் ஈலி, அகலமான மணற்கரை அங்கேதான்.

விடுதி அறையைவிடச் சமையலறையுள்ள வாடகை வீடு நமக்கு வசதி. காரணத்தைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீடுகளுக்கு உரிமம் கட்டாயம், விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பல வீடுகள் பழைய மீனவர் வீடுகள், குறுகலான மரப்படிகளும் தாழ்வான நிலைப்படிகளும் இருக்கும். பெரியவர்களுக்குத் தரைத்தளப் படுக்கையறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போகும் வழியிலோ திரும்பும்போதோ எடின்பரோவில் தங்குவதாக இருந்தால், 2026 ஜூலை 24 முதல் அங்கே அறைக் கட்டணத்தில் 5 சதவீதம் பயணியர் வரி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

போய்ச் சேருவது

துபாய், தோஹா வழியாக எடின்பரோவுக்கே விமானம் இருப்பதால் லண்டனில் இறங்க வேண்டியதில்லை. எடின்பரோ விமான நிலையத்திலிருந்து ஃபைஃப் போக நகர மையத்துக்குள்ளும் நுழைய வேண்டாம். டிராமில் ஏறி எடின்பரோ கேட்வே நிலையத்தில் இறங்கினால், ஃபைஃப் பக்கம் போகும் ரயிலை அங்கேயே பிடிக்கலாம். பெட்டிகளோடு அலையும் வேலை மிச்சம்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லூக்கர்ஸ் நிலையம்வரை ரயில், அங்கிருந்து பேருந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், அப்புறம் 95ஆம் எண் பேருந்தில் கிரெய்ல் அல்லது ஆன்ஸ்ட்ரதர். இன்னொன்று, லீவன் நிலையம்வரை ரயில், அங்கிருந்து அதே 95 எதிர்த்திசையிலிருந்து வரும். லீவனுக்கு ரயில் பல பத்தாண்டுகள் இல்லாமல் இருந்து 2024 ஜூனில்தான் மறுபடி வந்தது, பழைய வழிகாட்டிகளில் இது இருக்காது. கிரெய்லுக்கு முதல் வழி, மற்ற ஊர்களுக்கு இரண்டாவது வழி எளிது. எந்த வழியில் போனாலும் ரயிலில் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். 1890இல் திறந்த ஃபோர்த் பாலத்தின் சிவப்பு எஃகுச் சட்டங்களுக்கு நடுவே கடல் தெரியும், கிர்க்கால்டி வழியாகப் போகும் வண்டியாக இருந்தால் பாலம் தாண்டியும் அந்த ஊர்வரை பெரும்பாலும் கடலை ஒட்டியேதான் போகும்.

பேருந்து பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறையும். நிறுத்தத்தில் சும்மா நின்றால் வண்டி நிற்காமல் போகலாம், கையை நீட்டுங்கள். வங்கி அட்டையைத் தட்டினால் போதும். நாலைந்து முறை ஏறி இறங்கும் நாளில் ஒருநாள் சீட்டு எடுப்பது லாபம். இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது இங்கே எல்லோரும் செய்வது.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு: நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான், இந்திய உரிமம் 12 மாதம்வரை செல்லும். கிராமத் தெருக்கள் மிகக் குறுகல், கிரெய்ல் துறைமுகத்துக்குள் காரோடு இறங்காமல் மேலேயே நிறுத்திவிட்டு நடங்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான அளவு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் கடுமை, ஒரு குவளைகூட வேண்டாம்.

நாட்களை எப்படிப் பிரிப்பது

வந்த அன்று களைப்பாக இருக்கும், துறைமுகத்தைச் சுற்றிவிட்டுப் படுத்துவிடுங்கள்.

ஒரு நாளை ஆன்ஸ்ட்ரதரின் ஸ்காட்டிஷ் மீன்வள அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். 1969இல் திறந்தது, வெளியிலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும், உள்ளே போனால் அறைக்குப்பின் அறையாக நீளும். ஹெர்ரிங் மீன் கொழித்த காலத்தில் ஷெட்லாண்டிலிருந்து இங்கிலாந்தின் யார்மத்வரை படகுகளைத் தொடர்ந்து கரையோரமாகவே போன பெண்களின் கதை அங்கே இருக்கிறது. மீனைக் கீறிக் குடலெடுத்து உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவது அவர்கள் வேலை. கத்தி பட்டால் உப்பு ஏறி எரியும் என்பதால் விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். கடலில் மாண்ட மீனவர்களின் பெயர்ப் பலகைகள் வைத்த ஒரு நினைவிடமும் உண்டு. கடலோர ஊரில் பிறந்தவர்கள் அங்கே சட்டென்று நகர்ந்துவிட மாட்டார்கள். 1902இல் கட்டிய ரீப்பர் என்ற ஹெர்ரிங் படகும் இந்த அருங்காட்சியகத்தினுடையதுதான். 1588இல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பானியக் கடற்படையான ஆர்மடாவின் எல் கிரான் கிரிஃபோன் கப்பல் வடக்கே ஃபேர் தீவில் உடைந்தபின், உயிர் தப்பியவர்கள் வந்து கரையேறியது இதே துறைமுகத்தில். அந்த அந்நிய நாட்டு மாலுமிகளுக்கு இந்த ஊர் சோறு போட்டது.

மே தீவுக்கு ஒரு நாள். கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர், படகில் முக்கால் மணி நேரம். செப்டம்பர் 30வரைதான் பயணிகளை இறக்குவார்கள். அதன்பின் சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போட வருவதால் தீவை மூடிவிடுவார்கள். வலசைப் பறவைகளுக்குப் பேர்போன இடம், 1934 முதல் பறவை ஆய்வு நிலையம் இயங்குகிறது. ராபர்ட் ஸ்டீவன்சன் 1816இல் கட்டிய கலங்கரை விளக்கம் கோட்டை மாதிரியே இருக்கும். 1636இல் நிலக்கரி எரித்துக் கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய கோபுரத்தின் அடிப்பகுதியும் அருகிலேயே நிற்கிறது. சீட்டை முன்பதிவு செய்யுங்கள், ஆனால் தங்கும் கடைசி நாளுக்குச் செய்யாதீர்கள். காற்று பலமாக இருந்தால் படகு போகாது, மாற்றிக்கொள்ள ஒரு நாளாவது கையில் இருக்க வேண்டும். குமட்டல் மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைக்கு, ஆன்ஸ்ட்ரதரிலிருந்து கிரெய்ல்வரையான பாதையைப் பரிந்துரைப்பேன். ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நிதானமாக இரண்டு மணி நேரம், பெரும்பாலும் சமதளம். ஒரு பக்கம் பார்லி அறுத்த தாள்வயல், மறுபக்கம் பாறைக்கரை. நடுவில் கேய்ப்லி குகைகள். காற்றும் கடலும் அரித்த மணற்கல், சுவரில் பழங்காலக் கிறிஸ்தவர்கள் செதுக்கிய சிலுவைகள். கிரெய்ல் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு மரக்குடிசையில் நண்டும் சிங்கிறாலும் விற்பார்கள். காட்டுகிற சிங்கிறால் கருநீலமாக இருக்கும், கொடுக்குகளில் ரப்பர் வளையம். கொதிநீரில் போட்டுச் சிவந்ததும் எடுத்து, பலகையில் வைத்து நீளவாக்கில் பிளந்து தருவார்கள். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கையால் சாப்பிட வேண்டியதுதான். தினமும் திறந்திருக்காது, முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பிவரப் பேருந்து.

செயின்ட் மோனன்ஸில் கடலை ஒட்டி நிற்கும் தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில் இரண்டாம் டேவிட் மன்னர் கட்டியது. உள்ளே கூரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பலின் மாதிரி தொங்கும். ஊருக்குக் கிழக்கே, உப்பளத்துக்குக் கடல்நீர் இறைத்த பழைய காற்றாலை. இரண்டுக்கும் அரை நாள் போதும், மிச்ச அரை நாளில் பிட்டன்வீமின் கடல்நீர்க் குளத்தில் குளிக்கலாம். கடல் ஆண்டிலேயே கொஞ்சம் சூடாக இருப்பது இந்தச் சமயத்தில்தான், அதுவே 13, 14 டிகிரி. ஒரே மூச்சில் குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள்.

ஈலியின் சங்கிலி நடைபாதை, பாறையில் அடித்த சங்கிலிகளைப் பிடித்து ஏறி இறங்கிப் போவது. உடல் தெம்பும் நல்ல காலணியும் வேண்டும். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள், ஏறத் தொடங்கியபின் இறங்கவே கூடாது. தனியாக வேண்டாம், சின்னப் பிள்ளைகளோடும் வேண்டாம். அதேபோல செயின்ட் மோனன்ஸின் வளைந்து நெளிந்த அலைத்தடுப்புச் சுவரில் படம் எடுக்கப் பலர் போவார்கள். அது பாசி படிந்து வழுக்கும், அலை அடிக்கும்போது கிட்டேயே போகாதீர்கள். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் 999 அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள்.

சாப்பாடு

மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. பலகையில் ஃபிஷ் சப்பர் என்றிருந்தால் சிப்ஸும் சேர்த்துத்தான், மீன் பெரும்பாலும் ஹேடக். ஆனால் ஸ்காட்லாந்தில் பல மீன் கடைகள் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கும், சிப்ஸும் அதே எண்ணெயில்தான். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்று, பருப்பு சூப் சைவம் என்று நினைத்து வாங்கிவிடுவோம், இங்கே வழக்கமாகப் பன்றியெலும்புச் சாற்றில் செய்வார்கள். அதையும் கேளுங்கள். புகையூட்டிய ஹேடக்கும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்ந்த கல்லன் ஸ்கிங்க் சூப் குளிருக்கு நன்றாக இருக்கும். ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஹேகிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பண்டத்தின் சைவ வகையும் பல இடங்களில் கிடைக்கும்.

சின்ன ஊர்களில் உணவகச் சமையலறை இரவு எட்டு மணிக்கே மூடிவிடலாம், திங்கள், செவ்வாய் விடுமுறை விடுகிற இடங்களும் உண்டு. அதனால்தான் சமையலறையுள்ள வீடு என்றேன். அரிசியும் மிளகாய்த்தூளும் கையில் இருந்தால், கிரெய்லில் வாங்கிய நண்டைக் குழம்பு வைத்துவிடலாம். ஊரிலிருந்து பொடிகளைக் கொண்டுவரலாம், ஆனால் நெய், பால்கோவா, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பாலோ இறைச்சியோ சேர்ந்த பண்டங்களைக் கொண்டுவரத் தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

உடையும் பணமும்

குடையை விட்டுவிடுங்கள், காற்றில் நிற்காது. தொப்பியுள்ள மழைச்சட்டை, உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, பிடிமானமுள்ள காலணி போதும். காதை மூடும் குல்லாய் ஒன்று படகுக்கு அவசியம்.

அட்டை எல்லா இடத்திலும் செல்லும், இருந்தாலும் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் சொந்தப் பவுண்டு நோட்டுகளை அச்சிடுகின்றன. செல்லுபடியானவைதான், ஆனால் இங்கிலாந்துக் கடைகளில் சில நேரம் வாங்கத் தயங்குவார்கள், ஊரில் மாற்றவும் சிரமம். கிளம்புவதற்கு முந்தைய நாள் அவற்றைச் செலவழித்துவிடுங்கள். கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை முந்தின இரவே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.